ஈபிஎஃப் காசை இப்போதே எடுப்பதா, தேர்தல் முடியும்வரை விட்டுவைப்பதா?

11 ஆகஸ்ட் 2024, கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

எனக்கு 41 வயது. கொழும்பில் தனியார் கம்பனி ஒன்றில் நீண்ட காலமாக வேலை. ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கணக்கில் சுமாரான தொகை சேர்ந்திருக்கிறது. பக்கத்து மேசைக்காரர் போன மாதம் 30 வீதத்தை எடுத்துவிட்டார். "போன வருஷம் ஒருத்தர் கை வைத்தார், வரப்போகிறவர் மிச்சத்தையும் சுருட்டுவார், இருக்கும்போதே எடுத்துக்கொள்" என்கிறார். செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். அதற்கு முதல் எடுப்பதுதான் புத்தியா? அக்காமார், அண்ணாமார் சொல்லுங்கள். அரசாங்கத்தை நம்பு என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம்.

11 ஆகஸ்ட் 2024, இரவு

நம்பு என்று சொல்ல மாட்டேன் தம்பி. கம்பனிக் கணக்குப் பகுதியில் மாதாமாதம் ஈபிஎஃப் கட்டுகிற சி படிவம் நிரப்பியே தலை நரைத்தவள் நான். ஆனால் எதை நம்பக் கூடாது என்பதைச் சரியாகப் பிடிக்க வேண்டும். உன் பக்கத்து மேசைக்காரர் தவறான இடத்தில் பயப்படுகிறார்.

அந்த 30 வீதத்தை "பயமாக இருக்கிறது" என்று எழுதிக்கொடுத்து எடுக்க முடியாது. வீடு அல்லது வைத்தியம், இந்த இரண்டுக்கும்தான். குறைந்தது 10 வருடப் பங்களிப்பு இருக்க வேண்டும், கணக்கில் 3 லட்சமாவது இருக்க வேண்டும், எடுக்கக்கூடிய உச்சம் 20 லட்சம். அவர் வீட்டுக்கு ஓடு மாற்றியதாக ஒரு மதிப்பீட்டைக் கொடுத்திருப்பார். உண்மையாகவே ஓடு ஒழுகினால் நீயும் எடு. பயத்தில் எடுத்தால், எடுத்த காசை எங்கே வைப்பாய்? அதற்கு அவர் என்ன பதில் சொன்னார்?

12 ஆகஸ்ட் 2024

கீழே ஒருவர் "அரசாங்கம் போன வருஷம் ஈபிஎஃப்பில் 30 வீதத்தை வெட்டியதே, மறந்துவிட்டீர்களா" என்று எழுதியிருக்கிறார். வெட்டவில்லை. இரண்டு 30 இருக்கிறது, ஊரே இரண்டையும் குழப்பிக்கொண்டிருக்கிறது. ஒன்று மேலே சொன்னது, அங்கத்தவர் தானே முன்கூட்டி எடுப்பது. மற்றது வரி.

2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்று கொண்டுவந்தார்கள். ஈபிஎஃப் போன்ற ஓய்வூதிய நிதியங்கள் தங்களிடம் இருந்த திறைசேரி முறிகளை (அரசாங்கம் கடன் வாங்க விற்கிற பத்திரங்களை) கொடுத்துவிட்டுப் புது முறிகளை வாங்க வேண்டும். புது முறிக்கு 2026 வரை 12 வீத வட்டி, அதன் பிறகு 9 வீதம், முதிர்வு 2027 முதல் 2038 வரை. "மாற்ற மாட்டோம்" என்று சொல்லும் நிதியத்தின் முறி வருமானத்துக்கு 14 வீத வரிக்குப் பதிலாக 30 வீதம். அதாவது, விருப்பம் உன்னுடையது, ஆனால் விரும்பாவிட்டால் அடி விழும். ஈபிஎஃப் மாற்றிக்கொண்டது. உன் கணக்கில் எழுதியிருந்த தொகை ஒரு ரூபாகூடக் குறையவில்லை. குறைந்தது, இனி வரக்கூடியதாக இருந்த வட்டி. அந்த நாட்களில் மூன்று மாதத் திறைசேரி உண்டியலுக்கு (அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன் பத்திரம்) 20 வீதத்துக்கு மேல் கிடைத்துக்கொண்டிருந்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வாரக் கடைசியும் ஞாபகம் இருக்கிறதா? வியாழன் ஹஜ் பெருநாள், வெள்ளி விசேட வங்கி விடுமுறை, சனி, ஞாயிறு, திங்கள் போயா (பௌர்ணமி) விடுமுறை. ஐந்து நாள் வங்கிக் கதவு மூடியிருந்தது. வெள்ளவத்தையில் ஏடிஎம் வாசலில் நின்றவர்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கடைசியில் வங்கி வைப்புக்களைத் தொடவே இல்லை. வங்கிகள் வைத்திருந்த திறைசேரி முறிகளையும் தொடவில்லை. ஜூலை 1, சனிக்கிழமை, பாராளுமன்றத்தில் ஆதரவாக 122, எதிராக 62. சுமை விழுந்தது எங்களுடைய நிதியத்தின் மேல்.

12 ஆகஸ்ட் 2024, கொஞ்சம் கழித்து

"ஏன் எங்கள் தலையில்" என்று கேட்ட மட்டக்குளி அண்ணருக்கு: ஏனென்றால் எங்களால் ஓட முடியாது. வங்கியைத் தொட்டால் மறுநாள் வரிசை நிற்கும். வெளிநாட்டுக்காரனைத் தொட்டால் வழக்குப் போடுவான். ஈபிஎஃப் அங்கத்தவர், ஆண் 55 வரை, பெண் 50 வரை கட்டிப்போட்ட பசு, கறக்கிறவனுக்கு அவசரமே இல்லை.

14 ஆகஸ்ட் 2024

இரண்டு நாளாக யோசித்தேன். எல்லோரும் 2023 ஜூலையைப் பற்றியே கதைக்கிறோம். பெரிய வெட்டு அதற்கு முந்தின வருடமே விழுந்துவிட்டது. அதற்கு யாரும் கை உயர்த்தி வாக்களிக்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். 2022 தொடக்கத்தில் உங்கள் கணக்கில் 10 லட்சம். அந்த வருடத்துக்கு ஈபிஎஃப் கொடுத்தது 9 வீதம். முடிவில் 10 லட்சத்து 90 ஆயிரம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் 2022 டிசம்பரில் ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைவிட 57.2 வீதம் மேலே. செப்டெம்பரில் 69.8 வீதம் வரை போய்வந்தது. ஆகவே பழைய 10 லட்சத்துக்கு வாங்கிய சாமானை வாங்க 15 லட்சத்து 72 ஆயிரம் வேண்டும். கையில் இருப்பது 10.90. வகுத்துப் பார்த்தால் 69 சதம். ரூபாவுக்கு 31 சதம் போய்விட்டது. சட்டமும் இல்லை, விவாதமும் இல்லை, வங்கி விடுமுறையும் இல்லை.

2023க்கு 13 வீதம் கொடுத்தார்கள், அந்த டிசம்பரில் விலையேற்றம் 4 வீதம். கொஞ்சம் மீண்டது. இரண்டு வருடத்தையும் சேர்த்துப் பார்த்தால் 69 சதம் 75 ஆகிறது. 100 ஆகவில்லை. ஆகப்போவதுமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தம்பி, உன் பக்கத்து மேசைக்காரர் பயப்பட வேண்டியது திருடனுக்கு அல்ல. காசை அப்படியே வைத்துக்கொண்டு அதன் பெறுமதியை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு.

15 ஆகஸ்ட் 2024

"தங்கம் வாங்கியிருக்கலாம்." ஓம். நான் கலியாணம் கட்டியபோது வேலையை விட்டேன், பெண்கள் அந்தக் காரணத்துக்காக ஈபிஎஃப் எடுக்கலாம், எடுத்தேன். அம்மா பிடிவாதமாக அதில் பாதியைச் செட்டியார் தெரு நகைக்கடைக்குக் கொண்டுபோய் வளையலாக்கினா. மற்றப் பாதி நிரந்தர வைப்பில். இன்றைக்கு இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அம்மாவின் பொருளாதாரம் வென்றுவிட்டது. ஆனால் வீட்டில் களவு போயிருந்தால்? 83 ஜூலைக் கலவரத்தில் எங்கள் ஒழுங்கையில் எத்தனை பேருடைய தங்கம் மிஞ்சியது? கொழும்புத் தமிழருக்குத் தங்கம் பாதுகாப்பு என்று யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

காசுத்தாளையும் நம்ப முடியாத காலம் இருந்தது. 1970இல் 50, 100 ரூபாத் தாள்கள் செல்லாது என்று அறிவித்தார்கள். வங்கியில் கொண்டுபோய்க் கொடுத்துக் கணக்குக் காட்ட வேண்டும். தாத்தா புறக்கோட்டையில் மொத்த வியாபாரம், கணக்குக் கொப்பியை மட்டும் மற்றவர் கண்ணில் படாமல் வைத்திருந்தவர். பிறகு சாகும்வரை சில்லறை நோட்டாகத்தான் சேர்த்தார் என்று அப்பா சிரித்துச் சிரித்துச் சொல்லுவார்.

தனியாரிடம் போகலாம் என்கிறவர்கள் 2008இல் கோல்டன் கீ என்ற தனியார் நிறுவனம் விழுந்ததையும், 2020இல் த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் ரத்தானதையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும். வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு 11 லட்சம் வரைதான்.

18 ஆகஸ்ட் 2024

2015 முறி விவகாரத்தைச் சுருக்கமாகச் சொல்லச் சொல்லி ஒரு பிள்ளை கேட்டிருக்கிறா.

2015 பெப்ரவரி 27. மத்திய வங்கி 100 கோடி ரூபாவுக்கு முறி விற்கப்போவதாக அறிவித்துவிட்டு 1,000 கோடிக்கு மேல் ஏற்றுக்கொண்டது. அதிகம் வாங்கியவர்களில் ஆளுநர் அர்ஜுன மகேந்திரனின் மருமகனோடு தொடர்புடைய பெர்ப்பெச்சுவல் ட்ரெஷரிஸ் என்ற முறி வியாபாரக் கம்பனி. அதன் பிறகு அந்த முறிகள் இரண்டாம் சந்தையில் கைமாறி, கூடிய விலைக்கு வாங்கினவர்களில் ஒருவர் யார்? ஊழியர் சேமலாப நிதி. ஜனாதிபதி ஆணைக்குழு 2017 டிசம்பரில் அறிக்கை கொடுத்தது. மகேந்திரன் நாட்டை விட்டுப் போனவர், இன்றுவரை திரும்பி வரவில்லை.

மத்திய வங்கிக்கு நம்மவர் ஒருவர் வந்துவிட்டார் என்று 2015 தைப்பொங்கலுக்குப் பிறகு வெள்ளவத்தைச் சந்தையில் பெருமைப்பட்டவர்கள் சிலரை எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், இங்கேயும் எழுதுகிறார்கள்.

மகேந்திரன் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நாளில் ஒரே கட்டடத்துக்குள் ஒரு பகுதி அரசாங்கத்துக்காகக் கடன் முறி விற்றது, இன்னொரு பகுதி வட்டி வீதத்தைத் தீர்மானித்தது, மூன்றாவது பகுதி எங்கள் காசைக் கொண்டு அந்த முறியை வாங்கியது. கடன் வாங்குகிறவனும், தரகனும், கடன் கொடுக்கிறவனின் பையை வைத்திருப்பவனும் ஒரு வீட்டுக்காரர். இதில் நல்ல மனிதரை உட்கார வைத்தாலும் எனக்கு நித்திரை வராது. 1958 சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: நிர்வாகம் தொழில் திணைக்களம், காசின் பொறுப்பு மத்திய வங்கியின் சபை. சம்பளத்தில் 8 வீதம் கொடுக்கிற எனக்கும், எனக்காக 12 வீதம் கட்டுகிற முதலாளிக்கும் அந்த மேசையில் கதிரை இல்லை.

23 ஆகஸ்ட் 2024

நேற்று உயர் நீதிமன்றத் தீர்ப்பு பார்த்தீர்களா? உள்ளூராட்சித் தேர்தலைப் பிற்போட்டது அடிப்படை உரிமை மீறல். 2023 மார்ச் 9 நடந்திருக்க வேண்டிய தேர்தல், காசு இல்லை என்று நிறுத்திவைத்தார்கள். கட்டுப்பணம் கட்டினவர்கள் எல்லாம் இன்றுவரை வேட்பாளர்களாகவே இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் அடித்த துண்டுப்பிரசுரம் இப்போது அவர் வீட்டு அலுமாரித் தட்டில் விரித்திருக்கிறது.

மாகாண சபையை விடுங்கள், கடைசித் தேர்தல் 2014.

இதை ஏன் ஈபிஎஃப் இழையில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். வாக்கையும் சேமலாபத்தையும் "பிறகு தருகிறோம்" என்று ஒரே மாதிரிச் சொல்ல ஒரு அரசாங்கத்தால் முடிந்தது. அதனால்தான்.

25 ஆகஸ்ட் 2024

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயா ஒருவர் "அரச ஓய்வூதியத்தைப் பாருங்கள், மாதம் தவறாமல் வருகிறது, நம்பிக்கையீனம் என்பது தனியார் துறைக்காரரின் மனநோய்" என்கிறார்.

ஐயா, உங்களுக்கு வருவதில் சந்தோசம். ஆனால் உங்களுக்கு ஏன் தவறாமல் வருகிறது என்பதையும் சொல்லுங்கள். இந்தத் தேர்தலுக்குத் தபால் வாக்குக்கு மட்டும் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட அரச ஊழியர்கள் தகுதி பெற்றிருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டில் மனைவி, அம்மா, அப்பா. எந்த மேடையிலும் சம்பள உயர்வு முதலாவதாக வருவது அதனால்தான். ஈபிஎஃப் கட்டுகிறவர்கள் 20 லட்சத்துக்கு மேல், ஆனால் நாங்கள் ஒரு கூட்டம் இல்லை. கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளை, ஹட்டன் தோட்டத் தொழிலாளி, வெள்ளவத்தைக் கணக்குக்காரி. ஒருவரை ஒருவர் தெரியாது. மொழியும் வேறு.

அதோடு ஐயா, மூத்த பிரஜைகளுக்கு 15 வீத வட்டி என்று 2015 இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் கொடுத்ததை 2022இல் நிறுத்தியபோது நீங்களும்தானே வங்கியில் நின்று சண்டை பிடித்ததாக இங்கே எழுதினீர்கள்?

25 ஆகஸ்ட் 2024, இரவு

ஐயா கோபித்துவிட்டார். மன்னியுங்கள் ஐயா. வாதத்தை மாற்ற மாட்டேன்.

1 செப்டெம்பர் 2024

பிரசாரக் கூட்டங்கள் பற்றி. என் வயதுக்காரர்கள் கேட்டு வளர்ந்த கதை: 1970இல் சந்திரனிலிருந்தாவது அரிசி கொண்டுவந்து தருவோம் என்றார்கள். 1977இல் மற்றக் கட்சி, கிழமைக்கு 8 இறாத்தல் தானியம் என்றது. அப்பா இரண்டையும் சொல்லிவிட்டு, கூப்பன் அரிசியில் கல் பொறுக்கிய அம்மாவைக் காட்டுவார்.

ஆனால் கடைசியில் உண்மையாகவே கொடுத்த வாக்குறுதிதான் எங்களை அடித்தது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ வரியைக் குறைப்போம் என்றார். 69 லட்சம் வாக்கு. டிசம்பர் 1 முதல் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 8 வீதம். 2020 ஜனவரி முதல் சம்பளத்தில் பிடிக்கிற பே வரியும் இல்லை. நான் அவருக்கு வாக்களிக்கவில்லை, எங்கள் பக்கத்தில் அநேகம் பேர் வாக்களிக்கவில்லை. ஆனால் ஜனவரிச் சம்பளத்தில் கூடுதலாக வந்ததை நான் ஒன்றும் திருப்பிக் கொடுக்கவில்லை. மகனுக்கு ஒரு டெப் வாங்கினேன். நோய்த்தொற்று, சுற்றுலா இழப்பு, பழைய கடன் எல்லாம் சேர்ந்துதான் 2022 ஏப்ரல் 12 கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள், வரிக் குறைப்பு மட்டும் காரணம் இல்லை. ஆனாலும் அந்த வருமானம் திறைசேரியில் இருந்திருந்தால் பணம் அச்சடித்தது கொஞ்சமாவது குறைந்திருக்கும். எனக்குக் கொடுத்த இனாமை என் ஈபிஎஃப்பிலிருந்தே திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்று கணக்கு முடிகிறது.

ஆகவே "அரசியல்வாதி சொன்னதைச் செய்வதில்லை" என்று அழுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. செய்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம்.

4 செப்டெம்பர் 2024

சின்னம் பார்த்தீர்களா? ஜனாதிபதி ரணிலுக்கு எரிவாயு சிலிண்டர். 2022இல் ஹம்டன் ஒழுங்கையில் விடியப்புறம் வெற்றுச் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டு வரிசையில் நின்றவர்களிடம் அதையே காட்டி வாக்குக் கேட்கத் தைரியம் வேண்டும். "வரிசையை ஒழித்தவர் என்ற அர்த்தத்தில்தான்" என்று எங்கள் அலுவலக முகாமையாளர் விளக்குகிறார். இருக்கலாம். அவரும் சிலிண்டர் வாங்க சாரதியை அனுப்பியவர்.

வாக்குச் சீட்டு 27 அங்குலம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் விரிக்கலாம்.

8 செப்டெம்பர் 2024

ஹட்டனிலிருந்து எழுதிய பிள்ளைக்கு: அம்மாவின் சம்பளம், ஈபிஎஃப் பற்றி நீண்ட பதில் கேட்டிருந்தீர்கள். உங்களுக்குக் கொழும்பில் வேலை, அம்மா தோட்டத்தில்.

மே மாதம் தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, இப்போது 1,350 அடிப்படை, 350 உற்பத்தித்திறன் கொடுப்பனவு என்று வந்து நிற்கிறது. மேடையில் இதை 1,700 என்றுதான் சொல்வார்கள். அம்மாவின் ஈபிஎஃப் 1,350க்குத்தான் கணக்கிடப்படும். 350க்கு 20 வீதம் என்றால் நாளுக்கு 70 ரூபா. சின்னக் காசு போல இருக்கும். கணக்கில் ஏறாத அந்த 70 ரூபாவை எந்தத் தலைவரும் மேடையில் சொல்லிக் கேட்கவில்லை. மலையகத்தில் சம்பளத்தைப் பற்றிக் கதைக்காத தேர்தல் இல்லை, சேமலாபத்தைப் பற்றிக் கதைத்த தேர்தல் எனக்கு ஞாபகம் இல்லை.

அம்மாவின் கணக்கில் ஒவ்வொரு மாதமும் ஏறியிருக்கிறதா என்று பார்த்தீர்களா? அரசாங்கத்தைச் சந்தேகப்படுவதில் நாங்கள் கெட்டிக்காரர், முதலாளியைச் சந்தேகப்படுவதில்லை. புறக்கோட்டையில் நான் முன்பு வேலை செய்த இடத்தில் சம்பளச் சிட்டையில் 8 வீதம் ஒழுங்காகக் கழிந்திருக்கும். கழித்ததைக் கட்டவே இல்லை. தொழில் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுத்த பிறகு சில மாதங்களைக் கட்டினார்கள். பிந்திக் கட்டினால் தண்டம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை போகும், சட்டம் அங்கே கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் முறைப்பாடு கொடுக்க ஆள் வேண்டும். வேலையில் இருந்துகொண்டு யார் கொடுப்பார்?

9 செப்டெம்பர் 2024

ஒருவர்: "தமிழருக்கு இந்த அரசாங்கத்தில் நம்பிக்கையில்லாதது புதுச் செய்தியா?"

இல்லை. 2007 ஜூனில் வெள்ளவத்தை லொட்ஜ்களிலிருந்து தமிழ்ச் சனத்தைப் பலவந்தமாகப் பஸ்ஸில் ஏற்றியதைப் பார்த்தவள் நான். ஆனால் ஈபிஎஃப் விஷயத்தில் இனத்தைப் பார்த்து எடுக்கவில்லை, எல்லோரிடமும் சமமாக எடுத்தார்கள். சமத்துவம் வேண்டும் என்று கேட்டோம் அல்லவா, கிடைத்துவிட்டது.

அரசாங்கம் ஒரே ஒரு முறைதான் எங்கள் ஓய்வுகாலக் காசு விஷயத்தில் பின்வாங்கியது. 2011 மே. தனியார் துறைக்கு ஓய்வூதியம் என்று ஒரு சட்டமூலம். ஈபிஎஃப், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) காசில் ஒரு பங்கை அதற்குள் போடுவதாக இருந்தது. கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்துப் பிள்ளைகள் வெளியே வந்தார்கள். மே 30 பொலிஸ் சுட்டது. ரொஷான் சானக என்ற இளைஞர் இறந்தார். பொலிஸ் மா அதிபர் பதவி விலகினார், சட்டமூலத்தை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தின வருடம்தான் அதே அரசாங்கம் ஜனாதிபதித் தேர்தல், பாராளுமன்றத் தேர்தல் இரண்டையும் பெரிய வெற்றியாக வென்றிருந்தது. வாக்குப்பெட்டி தடுக்காததைத் தையல் மெஷினிலிருந்து எழுந்து வந்த பிள்ளைகள் தடுத்தார்கள். 2023இல் யாரும் எழுந்து வரவில்லை. நானும்தான். சனிக்கிழமை வாக்கெடுப்பை டிவியில் பார்த்துக்கொண்டு கீரை ஆய்ந்தேன்.

19 செப்டெம்பர் 2024

பிரசாரம் முடிந்த அமைதி. காலி வீதியில் ஒலிபெருக்கி இல்லாமல் 101 பஸ்ஸின் ஹோர்ன் மட்டும் கேட்கிறது. செலவுக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி ஒரு வாக்காளருக்கு 109 ரூபா என்று உச்ச வரம்பு வைத்திருக்கிறார்களாம். எனக்குரிய 109 ரூபாவை யார் செலவழித்தார் என்று தெரியவில்லை, எங்கள் வாசலுக்கு ஒரு துண்டுகூட வரவில்லை.

24 செப்டெம்பர் 2024

42.31 வீதத்தோடு அநுர குமார திசாநாயக்க புது ஜனாதிபதி. இரண்டாவது விருப்பு வாக்கை எண்ணியது இதுவே முதல் தடவை.

தம்பி, 2023இல் எதிர்த்து வாக்களித்த 62 பேரில் இவருடைய கட்சியும் இருந்தது. இப்போது பார்ப்போம். நான் ஒரு பந்தயம் வைக்கிறேன்: மாற்றிய முறியைத் திரும்ப மாற்ற மாட்டார்கள். மாற்றினால் சர்வதேச நாணய நிதியத்தோடு போட்ட கணக்கு முழுவதும் ஆடும். தோற்றால் இழையில் உள்ள எல்லோருக்கும் வெள்ளவத்தையில் மசாலாத் தோசை.

17 நவம்பர் 2024

பாராளுமன்றத் தேர்தலில் அநுரவின் கட்சிக்கு 159 ஆசனம். யாழ்ப்பாண மாவட்டத்திலும் ஆறில் மூன்று. பாராளுமன்றத்தில் இவ்வளவு பலம் இருந்த எந்த அரசாங்கமும் எனக்கு நிம்மதி கொடுத்ததில்லை, 1977 முதல். ஆனால் மகன் முதல் முறையாகச் சந்தோசமாக வாக்குப் போட்டுவிட்டு வந்தான். அவனிடம் இதைச் சொல்லவில்லை.

19 ஜனவரி 2025

முன்பு எழுதியதில் ஒன்றைத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2023இல் 9 வீதம், 12 வீதம் என்றபோது எல்லோரும் வாயில் அடித்துக்கொண்டோம், நானும். அப்போது உண்டியல் வட்டி இருந்த உயரம் அப்படி. இன்று உண்டியல் 8, 9 வீதத்தில் நிற்கிறது. விலையேற்றம் செப்டெம்பரில் பூச்சியத்துக்குக் கீழே போய்விட்டது. இந்த நிலை நீடித்தால் 12 வீத முறி வைத்திருக்கிறவன் பாக்கியசாலி.

அதற்காகச் செய்தது சரி என்று ஆகாது. எங்களைக் கேட்காமல் எங்கள் பெயரில் ஆடிய சூதாட்டத்தில் இந்தச் சுற்று தப்பியிருக்கிறது. 2038 வரை ஆட்டம் இருக்கிறது. ரூபா இன்னொரு முறை 200இலிருந்து 360க்குப் போனால் 9 வீதம் என்ன செய்யும்?

20 பெப்ரவரி 2025

வரவு செலவுத் திட்டம். முறியைப் பற்றி எதுவும் இல்லை. தோசை மிச்சம்.

தனியார் துறைக் குறைந்தபட்சச் சம்பளம் ஏப்ரலிலிருந்து 27,000, அடுத்த ஜனவரி 30,000 என்கிறார்கள். அடிப்படைச் சம்பளத்தில் ஏறினால் ஈபிஎஃப்பும் ஏறும், நல்லது. கணக்குப் பகுதியில் இருக்கிறவர்கள் கவனியுங்கள், கொடுப்பனவு என்று பெயர் மாற்றி எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து ஒரு மெதுவான குரல் வரும்.

வைப்பு வட்டியில் பிடிக்கிற வரி 5இலிருந்து 10 வீதமாகிறது. ஈபிஎஃப்பை எடுத்து நிரந்தர வைப்பில் போட்ட பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லு தம்பி. வருட வருமானம் 18 லட்சத்துக்குக் கீழே என்றால் சுயபிரகடனம் கொடுத்துத் தப்பலாம்.

2 மார்ச் 2025

ஈபிஎஃப் விஷயமாக நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போய்வந்தேன். எனக்கு எதிரிகள் மத்திய வங்கியிலோ பாராளுமன்றத்திலோ இல்லை, என் பெயரில்தான் இருக்கிறார்கள். அடையாள அட்டையில் அப்பாவின் பெயர் முன்னால், கம்பனிக் கோவையில் முதலெழுத்து மட்டும், கலியாணப் பதிவில் கணவரின் பெயர், ஆங்கில எழுத்துக் கூட்டல் மூன்றிலும் மூன்று விதம். சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி எடுத்து வா என்றார்கள். சிங்களப் பெண் ஒருத்தி, பக்கத்து யன்னலில், ஒரே பெயரோடு பத்து நிமிடத்தில் போய்விட்டாள். காசு எடுக்கிற வயது வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே பெயரைச் சரிபாருங்கள். அரசாங்கத்தைப் பற்றி இங்கே எழுதுகிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

11 மே 2025

பிற்போட்ட உள்ளூராட்சித் தேர்தல் ஒருவழியாக 6ஆம் திகதி முடிந்தது. அலுமாரித் தட்டுக்காரர் திரும்பப் போட்டியிடவில்லை, துண்டுப்பிரசுரம் அப்படியே இருக்கிறது.

18 ஜூன் 2025

கொழும்பு மாநகர சபையில் 117 பேர். ஆளும் கட்சிக்கு 48. மேயரைத் தெரிய இரகசிய வாக்கெடுப்பா, பகிரங்கமா என்று சண்டை. இரகசியமாக நடந்து 61க்கு 54 என்று ஆளும் கட்சி வென்றது. யார் பக்கம் மாறினார் என்று யாருக்கும் தெரியாது. எதிர்க்கட்சியில் இருந்தபோது வெளிப்படைத்தன்மை என்று தொண்டை கிழியக் கத்தினவர்களுக்கு ஒன்பது மாதத்தில் இரகசியம் இனித்துவிட்டது.

ஓய்வு பெறும் வயதைத் தனியார் துறையில் 60 ஆக்கிய 2021 சட்டத்தின் தயவில் எனக்கு இன்னும் கொஞ்ச காலம் வேலை இருக்கிறது. காசை அங்கேயே விடுகிறேன். நம்பிக்கை வந்ததால் இல்லை. வெளியே கிடைக்கிற 8 வீதத்தில் வரியும் போய், மகன் "அம்மா கொஞ்சம் கடன் தாங்கோ" என்று கேட்கிற தூரத்தில் அது இருப்பதைவிட, என் கைக்கே எட்டாத இடத்தில் இருப்பது மேல் என்று கணக்குப் போட்டேன். உங்கள் கணக்கு வேறாக வரலாம்.

21 ஜூன் 2025

ஈடிஎஃப் பற்றிக் கேட்டவருக்கு: அது வேறு. முதலாளி மட்டும் 3 வீதம் கட்டுவது. வேலை மாறும்போது எடுக்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. உங்கள் பழைய கம்பனி மூடிவிட்டது என்றால் சேவைக் கடிதத்துக்கு என்ன செய்வது என்பதைத் தொழில் காரியாலயத்தில் கேட்டு எழுதுங்கள், இங்கே இன்னும் இரண்டு பேருக்கு அதே சிக்கல் இருக்கிறது.